போர்முனையில் அணுமின் நிலையம்: எதற்கு அஞ்ச வேண்டும்?

கேள்வி: என் மகன் போலந்து நாட்டின் வார்சா நகரில் வேலை பார்க்கிறான். உக்ரைனிலுள்ள சபோரிஷியா அணுமின் நிலையத்தில் ட்ரோன் விழுந்தது, மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. அங்கே ஓர் ஏவுகணை விழுந்தால் அணுகுண்டு போல வெடித்துவிடுமா? உலைகளை எல்லாம் எப்போதோ நிறுத்திவிட்டார்கள் என்கிறார்களே, நிறுத்திய உலைக்கு எதற்கு மின்சாரம்? அவனுடைய நண்பர்கள் அயோடின் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறார்களாம்; அவனும் போட்டுக்கொள்ளலாமா? வேலையை விட்டுவிட்டு வந்துவிடச் சொல்லலாமா?
— ஒரு தாய்

பதில்: அன்புள்ள அம்மையீர்,

உங்கள் முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம்: வெடிக்காது. அணுமின் நிலையத்தில் எரிபொருளாகும் யுரேனியத்தில் பிளவுபடக்கூடிய யுரேனியம்-235 மூன்றிலிருந்து ஐந்து விழுக்காடுதான் இருக்கும். அணுகுண்டுக்கோ அது ஏறத்தாழ தொண்ணூறு விழுக்காடு வேண்டும். அந்தச் செறிவு இல்லாத எரிபொருளின்மீது ஏவுகணை விழுந்தாலும் தீப்பிடித்தாலும், குண்டில் நிகழும் தொடர்வினை அங்கே நிகழாது. தொலைக்காட்சிகளில் சபோரிஷியா பற்றிய செய்திக்குப் பின்னால் காளான் மேகத்தைக் காட்டுகிறார்களே, அது பார்ப்பவர்களைப் பயமுறுத்துவதோடு, உண்மையில் எங்கே பார்க்க வேண்டுமோ அங்கிருந்து அவர்களின் கவனத்தைத் திருப்பியும் விடுகிறது. ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆபத்து வேறு வடிவில், பெரும்பாலும் ஓசையில்லாமல் வரக்கூடியது என்கிறேன்.

ஏவுகணை நேராக உலைக் கட்டடத்தின்மீது விழுந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். சபோரிஷியாவில் இருப்பவை வி.வி.இ.ஆர்.-1000 என்னும் சோவியத் வடிவமைப்பு வகையைச் சேர்ந்த ஆறு உலைகள். ஒவ்வோர் உலையும் தடித்த எஃகுக் கலத்துக்குள் இருக்கிறது. அந்தக் கலத்தைச் சுற்றி, ஏறத்தாழ 1.2 மீட்டர் தடிமனுள்ள, எஃகு வடங்களால் இறுக்கிக் கட்டப்பட்ட கான்கிரீட் மாடம் இருக்கிறது. 2024 ஏப்ரல் 7 அன்று ட்ரோன்கள் நிலையத்தைத் தாக்கியபோது ஆறாம் உலையின் மாடத்தின்மீதும் ஒன்று மோதியது; மேற்பரப்பில் கருகிய தடம் ஏற்பட்டதே தவிர, உலையின் பாதுகாப்புக்கு ஊறு நேரவில்லை. சிறிய ட்ரோன்களையும் வழிதவறி வரும் பீரங்கிக் குண்டுகளையும் அந்தச் சுவர் தாங்கும் என்றே நானும் கருதுகிறேன். ஆனால் உள்ளிருந்து எழும் நீராவி அழுத்தத்தை அடைத்து வைப்பதும், வெளியிலிருந்து தற்செயலாக நேரும் விபத்தைத் தாங்குவதுமே அந்தச் சுவரின் வேலை. ஓர் இராணுவம் கனரக ஆயுதங்களால் திட்டமிட்டு மீண்டும் மீண்டும் தாக்கினால் அது நிற்கும் என்று எந்த வடிவமைப்பாளரும் உறுதி தந்ததில்லை. எல்லா உலைகளுக்கும் இப்படி ஒரு மாடம் இருப்பதாகவும் எண்ணிவிட வேண்டாம். 2024 ஆகஸ்டில் உக்ரைன் படைகள் ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதிக்குள் நுழைந்தபோது, அங்குள்ள அணுமின் நிலையத்தைப் பற்றிப் பன்னாட்டு அணுசக்தி முகமை உடனே கவலை தெரிவித்ததற்குக் காரணம், அங்கு அப்போது இயங்கிய, செர்னோபிலில் வெடித்த அதே ஆர்.பி.எம்.கே. வகை உலைகளுக்கு அத்தகைய கான்கிரீட் மாடமே கிடையாது என்பதுதான்.

இனி உங்கள் கேள்விகளிலேயே முக்கியமானதற்கு வருகிறேன். நிறுத்திய உலைக்கு எதற்கு மின்சாரம்? அடுப்பை அணைத்த பிறகும் தணல் கனன்றுகொண்டிருப்பதைப் போல, அணுப்பிளவு நின்ற பிறகும் எரிபொருள் சூட்டை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. பிளவின்போது உண்டான புதிய தனிமங்கள் கதிரியக்கம் உடையவை. அவை சிதையும்போது வெளிப்படும் இந்த வெப்பத்தைச் சிதைவு வெப்பம் என்கிறோம். கட்டுப்படுத்தும் கோல்களை இறக்கித் தொடர்வினையைச் சில வினாடிகளில் நிறுத்திவிடலாம். சிதைவு வெப்பத்தை நிறுத்த எந்த விசையும் இல்லை, அது தானாகக் குறையும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். சபோரிஷியா உலை ஒன்றின் முழு வெப்பத்திறன் 3,000 மெகாவாட். நிறுத்திய கணத்தில் அதில் ஆறு, ஏழு விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 200 மெகாவாட், மிச்சமிருக்கும். ஒரு நாள் கழித்து அது பதினைந்து மெகாவாட்டின் அருகே இறங்கும். அதற்குப் பிறகு இறக்கம் மிக மெதுவாகிவிடுகிறது. மாதங்கள், ஆண்டுகள் ஆகின்றன.

இந்த வெப்பத்தை ஓடும் நீர்தான் சுமந்து செல்ல வேண்டும். நீரை ஓட்டப் பம்பு வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும். பம்பு நின்றால் நீர் கொதித்து ஆவியாகி மட்டம் இறங்கும். எரிபொருள் கோல்களின் தலை வெளியே தெரியத் தொடங்கும். வி.வி.இ.ஆர்.-1000 உலையில் 163 எரிபொருள் கட்டுகள், ஒவ்வொரு கட்டிலும் 312 கோல்கள். ஒவ்வொரு கோலும் சுண்டுவிரலைவிட மெல்லிய சிர்கோனியக் குழாய். அதற்குள்தான் யுரேனிய வில்லைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. வெப்பநிலை 1,200 டிகிரி செல்சியஸை எட்டும்போது சிர்கோனியம் நீராவியோடு கடுமையாக வினைபுரிந்து, தன் பங்குக்கு மேலும் வெப்பத்தையும் பெருமளவு ஹைட்ரஜனையும் உண்டாக்குகிறது. குழாய் உடைந்தால் உள்ளே அடைபட்டிருந்த கதிரியக்கச் சீசியமும் அயோடினும் வெளியே வருகின்றன. ஹைட்ரஜன் காற்றோடு கலந்து தீப்பற்றினால் கட்டடத்தின் கூரையே பறந்துபோகிறது.

ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் நடந்தது இதுதான். 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்தபோது, இயங்கிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் சரியாக நின்றன. டீசல் ஜெனரேட்டர்களும் சரியாக ஓடத் தொடங்கின. ஏறத்தாழ ஐம்பது நிமிடங்களுக்குப் பின் வந்த ஆழிப்பேரலை, நிலையத்திலிருந்த பதின்மூன்று ஜெனரேட்டர்களில் ஒன்றைத் தவிர மற்ற அனைத்தையும் செயலிழக்கச் செய்தது. கட்டுப்பாட்டு அறை இருண்டது. உலைக்குள் நீர்மட்டம் எவ்வளவு என்று காட்டும் கருவிகளுக்குக்கூட மின்சாரம் இல்லாமல், ஊழியர்கள் வளாகத்தில் நின்ற கார்களின் பேட்டரிகளைக் கழற்றிக் கொண்டுவந்து இணைத்துத்தான் அளவுகளைப் படித்தார்கள். முதல் உலையின் எரிபொருள் சில மணிநேரத்திலேயே உருகத் தொடங்கிவிட்டது. அங்கே ஒரு குண்டுகூட விழவில்லை என்பதைக் கவனியுங்கள். மின்கம்பியையும் ஜெனரேட்டரையும் இழந்ததே அந்த நிலையத்தின் அழிவுக்குப் போதுமானதாக இருந்தது. பேரலை செய்ததைப் போரும் செய்யக்கூடும். அதுவும் உலையைக் குறிவைக்காமலேயே, பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு மின்கோபுரத்தைச் சாய்த்தே செய்துவிடக்கூடும்.

சபோரிஷியாவின் கதையை இந்தக் கண்ணோடு படித்தால்தான் பொருள் விளங்கும். 2022 மார்ச் 4 அன்று ரஷ்யப் படைகள் அந்த நிலையத்தைக் கைப்பற்றின. அன்றிரவு பயிற்சிக் கட்டடம் தீப்பற்றி எரிந்த காட்சியை உலகமே பார்த்தது. போருக்கு முன் அந்த நிலையம் 750 கிலோவோல்ட் கம்பிவழிகள் நான்காலும், 330 கிலோவோல்ட் கம்பிவழிகள் ஆறாலும் மின்தொகுப்போடு இணைந்திருந்தது. இத்தனை இணைப்புகள் இருந்ததற்குக் காரணம், ஒன்று போனால் இன்னொன்று தாங்க வேண்டும் என்பதே. போர் அவற்றை ஒவ்வொன்றாக அறுத்து, பெரிய வழி ஒன்றும் சிறிய வழி ஒன்றும் என்ற நிலைக்குக் கொண்டுவந்தது; சில காலங்களில் ஒன்றே ஒன்றுதான். வெளி மின்சாரம் முழுவதும் அற்றுப்போய் டீசல் ஜெனரேட்டர்களை மட்டுமே நம்பி நிற்கும் நிலை அங்கு 2025 செப்டம்பர் 23 அன்று பத்தாவது முறையாக வந்தது. முந்தைய ஒன்பதும் பெரும்பாலும் சில மணிநேரங்களில் முடிந்தன. பத்தாவது, அக்டோபர் 23 வரை ஒரு மாதம் நீடித்தது. அறுந்த கம்பியைச் சரிசெய்யும் ஆட்கள் அந்த இடத்தை அடைவதற்கே, இரு தரப்பும் அந்தப் பகுதியில் மட்டும் சண்டையை நிறுத்திவைக்கப் பன்னாட்டு அணுசக்தி முகமை பேச்சு நடத்த வேண்டியிருந்தது.

டீசல் ஜெனரேட்டர் இருக்கிறதே என்று அமைதி அடைபவர்கள் அந்த அறைக்குள் ஒரு முறை நின்று பார்க்க வேண்டும். ஒரு சிறு வீடு அளவுள்ள அந்த இயந்திரம், அழுத்திய காற்றின் உதவியால் சில வினாடிகளில் கிளம்பி முழு வேகம் எட்ட வேண்டும். அது எப்போதும் தயாராக இருப்பதற்காக, ஓடாத நேரத்திலும் அதன் எண்ணெயையும் நீரையும் சூடாக வைத்திருப்பார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் ஓட்டிப் பார்ப்பார்கள். அது உருவாக்கப்பட்டதே, மின்தொகுப்பு திரும்ப வரும்வரையுள்ள இடைவெளியை நிரப்புவதற்காகத்தான். வாரக்கணக்கில் ஓடினால் வடிகட்டிகள் அடைக்கும், உயவு எண்ணெய் கெடும், டீசலைத் தெளிக்கும் ஊசிமூக்குகள் தேயும். மாற்று உதிரிபாகம் போர்முனையைத் தாண்டி வர வேண்டும். டீசல் லாரியும் அதே சாலையில்தான் வர வேண்டும். சபோரிஷியாவில் இருபது ஜெனரேட்டர்கள் இருப்பதால், ஒரே நேரத்தில் சிலவற்றை மட்டும் ஓட்டி, மற்றவற்றுக்குப் பராமரிப்புச் செய்து, அந்த ஒரு மாதத்தை ஓட்டிவிட்டார்கள். உலைகள் நின்று மூன்றாண்டுகள் ஆகியிருந்ததால் சுமை மிகக் குறைவாக இருந்தது என்பதும் அதற்குக் காரணம். இதே ஒரு மாதம், ஆறு உலைகளும் முழுத்திறனில் இயங்கிச் சற்றுமுன் நின்ற நிலையில் வந்திருந்தால், நான் இந்தப் பதிலை இவ்வளவு அமைதியாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இயங்கும் உலைகள் என்றதும் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. 2022 நவம்பர் 23 அன்று உக்ரைனின் மின்கட்டமைப்பின்மீது ஏவுகணைகள் சரமாரியாக விழுந்தபோது, நாட்டின் அணுமின் நிலையங்கள் அனைத்தும் ஒரே நாளில் வெளி மின்சாரத்தை இழந்தன. அவற்றில் எதன்மீதும் அன்று குண்டு விழவில்லை. இயங்கிக்கொண்டிருந்த உலைகள் தானாக நின்றன, ஜெனரேட்டர்கள் கிளம்பின, மின்சாரம் திரும்பியது; எல்லாம் வடிவமைத்தபடியே நடந்தது. செய்தித்தாள்களில் அந்த நாள் பெரிய தலைப்பாக வரவில்லை. என் கணக்கில் அது, மாடத்தின்மீது ட்ரோன் மோதிய நாளைவிட அபாயமானது.

தண்ணீருக்கு வருவோம். 2023 ஜூன் 6 அன்று ககோவ்கா அணை உடைந்தது. சபோரிஷியா நிலையத்தின் குளிர்விப்பு நீர் அந்த அணையின் நீர்த்தேக்கத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. தேக்கம் வற்றியது, நிலையத்துக்குரிய தனிக் குளம் கரையோடு தாக்குப்பிடித்தது. பின்னர் பதினொரு ஆழ்கிணறுகள் தோண்டப்பட்டு, மணிக்கு ஏறத்தாழ 250 கனமீட்டர் நிலத்தடி நீர் எடுக்கப்படுகிறது. நின்றிருக்கும் ஆறு உலைகளைக் குளிர்விக்க அது போதும். ஓர் உலையை இயக்குவதற்குக்கூட அது போதாது. அந்தக் கிணற்றுப் பம்புகளும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

எங்கள் துறையில் இருப்பவர்கள் மின்சாரத்துக்கும் நீருக்கும் அடுத்ததாக அஞ்சுவது மனிதர்களைப் பற்றி. 2022 பிப்ரவரி 24 அன்று செர்னோபில் கைப்பற்றப்பட்டபோது பணியில் இருந்த குழு, மாற்று ஆள் வராமல் மூன்று வாரங்களுக்கும் மேலாக அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கி, துப்பாக்கி ஏந்தியவர்களின் கண்முன்னே வேலை பார்த்தது. சபோரிஷியாவில் 2022 செப்டம்பர் இறுதியில் நிலையத்தின் தலைமை இயக்குநரே பிடித்துச் செல்லப்பட்டு, சில நாள்களுக்குப் பிறகு விடுவிக்கப்பட்டார். ரஷ்ய நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளாத ஊழியர்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து நிலையத்துக்குள் அனுமதி இல்லை. போருக்கு முன் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்த இடம் அது. அனுபவசாலிகள் பலர் வெளியேறிவிட்டார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு ஒரு விதி உண்டு: ஐயம் வந்தால் உலையை நிறுத்தலாம், அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. மேலதிகாரி யார் என்பதே சண்டைக்குரியதாகிவிட்ட இடத்தில், வீட்டில் குடும்பம் இருக்கும் ஊரிலேயே குண்டு விழும் நிலையில், தூங்காத ஒருவர் அந்த விதியின்படி நடப்பாரா என்பதற்கு எந்தப் பொறியியல் கணக்கிலும் விடை கிடையாது. முகமையின் தலைமை இயக்குநர் ரஃபேல் குரோஸி 2022 மார்ச்சில் வகுத்த ஏழு பாதுகாப்புத் தூண்களில், ஊழியர்கள் தேவையற்ற அழுத்தம் இல்லாமல் முடிவெடுக்க முடிய வேண்டும் என்பதும் ஒன்று. காகிதத்தில் அது மூன்றாவதாக இருக்கிறது. நான் எழுதியிருந்தால் முதலில் வைத்திருப்பேன்.

பயன்படுத்திய எரிபொருளைப் பற்றியும் நீங்கள் படித்திருப்பீர்கள். சபோரிஷியா வகை உலைகளில் அதற்கான குளம் கான்கிரீட் மாடத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது ஓர் ஆறுதல். பல ஆண்டுகள் ஆறிய எரிபொருள் திறந்தவெளியில் தடித்த உலர் கொள்கலன்களில் நிற்கிறது, அதற்குப் பம்பு தேவையில்லை. ஒரு கொள்கலன் உடைந்தால் கேடு நிலையத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் பெரிதும் தாண்டாது. செர்னோபிலில், 1986-இல் வெடித்த நான்காம் உலையின்மேல் போர்த்தப்பட்ட மாபெரும் எஃகு வளைவை 2025 பிப்ரவரி 14 அன்று ஒரு ட்ரோன் துளைத்தது. வெளியே கதிர்வீச்சு உயரவில்லை. ஆனால் கூரையின் அடுக்குகளுக்குள் தீ வாரக்கணக்கில் புகைந்தது. அந்த வளைவு கதிரியக்கப் பொருளை அடைத்துவைக்கும் தன் முதன்மைத் திறனை இழந்துவிட்டதாக அந்த ஆண்டு இறுதியில் முகமை அறிவித்தது. நூறாண்டு நிற்கட்டும் என்று எழுப்பிய கட்டுமானத்துக்குப் பத்தாண்டு நிறைவதற்குள் நேர்ந்த கதி இது.

இதையெல்லாம் தடுக்கச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1977-இல் உருவான ஜெனீவா உடன்படிக்கைகளின் முதல் கூடுதல் நெறிமுறையின் 56-ஆம் பிரிவு, அணைகளையும் அணுமின் நிலையங்களையும், தாக்குவதால் ஆபத்தான ஆற்றல்கள் வெளிப்பட்டுப் பொதுமக்களுக்குப் பேரிழப்பு நேருமென்றால், அவை இராணுவ இலக்குகளாகவே இருந்தாலும் தாக்கக் கூடாது என்கிறது. அடையாளத்துக்காக மூன்று ஆரஞ்சு வட்டங்களை வரிசையாக வரைந்து வைக்கலாம் என்றும் அது சொல்கிறது. ஆனால் அதே பிரிவில், நிலையம் இராணுவ நடவடிக்கைக்கு முறையாகவும் கணிசமாகவும் நேரடியாகவும் மின்சாரம் தந்தால், தாக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்றால், பாதுகாப்பு விலகும் என்ற விதிவிலக்கும் இருக்கிறது. போரில் வேறு வழி இருந்ததாக எந்தத் தளபதியும் ஒப்புக்கொண்டதில்லை. தவிர, அமெரிக்கா, இஸ்ரேல், இந்தியா உள்ளிட்ட சில நாடுகள் அந்த நெறிமுறையில் சேரவே இல்லை. நிலையத்திலிருந்தோ நிலையத்தின்மீதோ தாக்குதல் கூடாது, அதைக் கனரக ஆயுதங்களுக்குக் கிடங்காக்கக் கூடாது, வெளி மின்சாரத்துக்கு ஆபத்து விளைவிக்கக் கூடாது என்பவை உள்ளிட்ட ஐந்து கொள்கைகளை 2023 மே 30 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் குரோஸி முன்வைத்தார். யாரும் எதிர்க்கவில்லை. அடுத்த வாரம்தான் அணை உடைந்தது. அடுத்தடுத்த மாதங்களில் நிலையத்தின் உள்வேலிக்கும் வெளிவேலிக்கும் இடையே கண்ணிவெடிகள் பதிக்கப்பட்டிருப்பதை முகமையின் வல்லுநர்களே பார்த்தார்கள்.

இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31 அன்று, ஒன்றின் அணுசக்தி நிலையங்களை மற்றொன்று தாக்குவதில்லை என்று ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாள் நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. பேச்சுவார்த்தை எதுவும் இல்லாத ஆண்டுகளிலும் அந்தப் பட்டியல் கைமாறியிருக்கிறது. விதிவிலக்குகள் நிறைந்த பெரிய நெறிமுறையைவிட, யாருடைய நிலையம் எங்கே இருக்கிறது என்று அக்கம்பக்கத்து எதிரிகள் எழுதிக்கொடுக்கும் இத்தகைய சிறிய ஒப்பந்தத்தில் எனக்கு நம்பிக்கை அதிகம். உக்ரைனுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே அப்படி ஒன்று இல்லை.

இப்போது அயோடின் மாத்திரை. உலையிலிருந்து கதிரியக்க அயோடின்-131 வெளிவந்தால், மூச்சின் வழியாகவும் பாலின் வழியாகவும் உடலுக்குள் புகுந்து தைராய்டு சுரப்பியில் சேரும். முன்கூட்டியே சாதாரண அயோடினால் சுரப்பியை நிரப்பிவிட்டால் கதிரியக்க அயோடினுக்கு அங்கே இடமிருக்காது. மாத்திரையின் வேலை அவ்வளவுதான். சீசியத்திலிருந்தோ வெளிப்புறக் கதிர்வீச்சிலிருந்தோ அது காப்பாற்றாது. ஆனால் அயோடின்-131-இன் அரைவாழ்வு, அதாவது அது சிதைந்து பாதியாகக் குறைய ஆகும் காலம், எட்டே நாள். சபோரிஷியாவின் கடைசி உலை மின்னுற்பத்தியை நிறுத்தியது 2022 செப்டம்பர் 11 அன்று. அங்கே உண்டான அயோடின்-131 எப்போதோ சிதைந்து முடிந்துவிட்டது. இன்று அந்த நிலையத்தில் என்ன விபரீதம் நேர்ந்தாலும் அயோடின் மாத்திரையால் பயன் எதுவும் இல்லை. அங்கே மிச்சமிருப்பது முப்பது ஆண்டு அரைவாழ்வுள்ள சீசியம்-137. அது மண்ணையும் நீரையும் நெடுங்காலம் கெடுக்கும், முதன்மையாக அந்த ஆற்றுப்பகுதியையும் அதன் விளைநிலங்களையும். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் வார்சாவில், கருவிகள் அதைக் கண்டுபிடிக்கலாம், சில உணவுப்பொருள்களைச் சோதிக்க வேண்டியும் வரலாம். அங்கிருப்பவர் உடனே நோய்ப்படும் அளவுக்கு அது வந்து சேரும் என்று நான் கருதவில்லை.

உங்கள் மகனின் நண்பர்கள் மாத்திரையைக் கையில் வைத்திருப்பது தவறில்லை, ஆனால் அதற்குரிய காரணம் சபோரிஷியா இல்லை. உக்ரைனின் கட்டுப்பாட்டில் ரிவ்னே, க்மெல்னிட்ஸ்கி, தெற்கு உக்ரைன் ஆகிய மூன்று நிலையங்களில் ஒன்பது உலைகள் போருக்கு நடுவிலும் இயங்கும் நிலையில் வைக்கப்பட்டிருக்கின்றன. இவற்றில் ரிவ்னே போலந்து எல்லையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அங்கே புதிய அயோடின் நாள்தோறும் உண்டாகிறது. செய்திகளில் பெயர் அடிபடாத நிலையம் அது. உங்கள் மகனைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது அதுவே.

போலந்துக்கு இதில் பட்டறிவு உண்டு. 1986-இல் செர்னோபில் வெடித்துச் சில நாள்களுக்குள், சோவியத் தரப்பிலிருந்து முறையான தகவல் எதுவும் வராத நிலையிலேயே, தங்கள் அளவீடுகளை மட்டும் நம்பி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியருக்கு அயோடின் கரைசலைக் கொடுத்தார்கள். மேய்ச்சல் பசுக்களின் பாலுக்கும் கட்டுப்பாடு விதித்தார்கள். 2022 செப்டம்பரிலும் முன்னெச்சரிக்கையாக மாத்திரைகளைத் தீயணைப்புத் துறைக்கு அனுப்பி வைத்தார்கள். எனவே வேளை வரும்போது மாத்திரை கிடைக்குமோ கிடைக்காதோ என்று பதற வேண்டியதில்லை. முக்கியமானது எப்போது போடுவது என்பது. கதிரியக்க மேகம் வருவதற்குச் சற்று முன்னோ, வந்த ஓரிரு மணிநேரத்துக்குள்ளோ போட்டால் முழுப் பயன். அதிகபட்சம் எட்டு மணிநேரம் வரை ஓரளவு பயன். செய்தி பார்த்த பயத்தில் இரண்டு நாள் முன்னதாக விழுங்கினால் பயன் தீர்ந்துபோயிருக்கும். பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு ஒரே ஒரு முறை. அரசு அறிவித்தால் மட்டும். அதிகம் தேவைப்படுவது குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குப் பயன் குறைவு. தைராய்டு நோய் உள்ளவர் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். காயத்துக்குப் போடும் அயோடின் டிஞ்சரைக் குடிக்கக் கூடாது. அயோடின் கலந்த உப்பை அள்ளித் தின்பதாலும் பயனில்லை. இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம், 2022-இல் ஐரோப்பாவில் பலர் மருந்துக்கடைகளில் வரிசையில் நின்று வாங்கியதை உடனே விழுங்கியும் இருப்பார்கள் என்ற என் ஐயம்.

வேலையை விட்டு வந்துவிடச் சொல்லலாமா என்ற கேள்விக்கு, சபோரிஷியாவை முன்னிட்டு வேண்டாம் என்பதே என் கருத்து. உலைகள் நின்று இத்தனை காலம் ஆகிவிட்டதால், மின்சாரம் முழுவதும் போனாலும் எரிபொருள் கெடும் நிலை வருவதற்கு மணிக்கணக்கில் இல்லாமல் நாள்கணக்கில், வாரக்கணக்கில் அவகாசம் இருக்கும். அதற்குள் அறுந்த கம்பியை இணைக்கவோ, வெளியிலிருந்து ஜெனரேட்டர் கொண்டுவரவோ முடியும். இந்த அவகாசத்தை இல்லாமலாக்கக்கூடியது ஒன்று உண்டு: அந்த உலைகளில் ஒன்றைச் சண்டை ஓய்வதற்கு முன் மீண்டும் இயக்குவது. அப்படிச் செய்யப்போவதாகப் பேச்சு எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. அது உண்மையில் நடந்தால், அயோடினைப் பற்றி மேலே நான் எழுதியது அத்தனையும் மாறிவிடும். சிதைவு வெப்பத்தின் கடிகாரம் மீண்டும் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். "சபோரிஷியாவில் குண்டுவீச்சு" என்ற தலைப்பைவிட, "சபோரிஷியாவில் உலை இயக்கம்" என்ற தலைப்பு வந்தால் உங்கள் மகனை அழைத்துப் பேசுங்கள்.

அதுவரை அவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். போலந்து அரசு கைப்பேசிக்கு அனுப்பும் அவசர எச்சரிக்கைக் குறுஞ்செய்திகளை அவரால் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டவர் பலர் அவற்றைப் புரியாமல் அழித்துவிடுகிறார்கள். வீட்டுக்குள் இருக்கச் சொன்னால் சன்னல்களை மூடி, வெளிக்காற்றை இழுக்கும் கருவிகளை நிறுத்தி, மறு அறிவிப்பு வரும்வரை உள்ளேயே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடுவதே ஆபத்து. தான் வசிக்கும் பகுதியில் மாத்திரை எந்த இடத்தில் வழங்கப்படும் என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.